கதையில் பொய்யும் அதை நம்புவோரும்

ரயில்வே முன்பதிவு அலுவலகத்தில் சீட்டு வழங்கும் வேலையில் பத்தாண்டுக்கு மேலாக இருப்பவன் நான். கதைக் கலையைப் பற்றிப் பேசுவதற்குப் பெரிய படிப்பு வேண்டுமென்றால், பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு அந்தத் தகுதி இல்லை. ஆனால் பொய்யைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லும் தகுதியை என் மேசை எனக்குத் தந்திருக்கிறது. கண்ணாடித் தடுப்பின் சிறு துளை வழியாக நான் கேட்ட பொய்களை எழுதி வைத்திருந்தால் அதுவே ஒரு புராணமாகியிருக்கும்.

கோடை விடுமுறைக்கு முந்தைய ஒரு காலை நேரம். இக்காலத்தில் பெரும்பாலோர் கைப்பேசியிலேயே சீட்டு எடுத்துவிடுகிறார்கள் என்றாலும், விடுமுறை வந்துவிட்டால் எங்கள் வரிசை நீண்டுதான் போகிறது. ஊருக்குப் போகும் தமிழ்க் குடும்பத்தார் ஒருவர் படிவத்தை நீட்டினார். அந்தப் படிவத்தில் பயணம் செய்வோரின் பெயரும் வயதும் மேலே எழுதப்படும். ஐந்து வயது நிறையாத, சீட்டுத் தேவையில்லாத குழந்தைகளின் பெயருக்குக் கீழே தனியிடம் உண்டு. அவர் தம் மகனின் பெயரைக் கீழே எழுதி, வயது நான்கு என்று குறித்திருந்தார். நான் மேலெழுந்தவாரியாகப் பார்த்துவிட்டுத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினேன். அப்போது மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு நின்ற அந்தப் பையன், “மாமா, நான் ரெண்டாங் கிளாஸ் பாஸாயிட்டேன்” என்றான்.

தந்தையார் முகம் போன போக்கைச் சொல்லவேண்டியதில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றிரவு வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. பையன் வாய் திறவாதிருந்தால் நான் அந்தப் பொய்யை முழுதும் நம்பியிருப்பேன். ஏன்? தந்தையார் சாமர்த்தியசாலி என்பதற்காகவா? இல்லை. அவர் எழுதிய கையே நடுங்கியிருந்தது. அவருக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். பெட்டி நிறையுமுன் அத்தனை பேருக்கும் நான் சீட்டுக் கொடுத்தாக வேண்டும். தலையை நிமிர்த்திப் பையனைப் பார்க்க எனக்கு நேரமில்லை. அந்தப் பொய் நடந்தேறுவதற்கு வேண்டிய பொருள்களில் பாதி என்னிடம் இருந்தது. இதைச் சொன்னவரைக் காட்டிலும் நம்ப இருந்தவனைப் பற்றியே ஒரு கதை எழுதலாம் என்று தோன்றிற்று.

நம் இதழுக்கு வரும் கதைகளை முதலில் படித்துப் பார்க்கும் பொறுப்பு இரண்டாண்டுகளாக என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தாராவியிலிருந்தும் மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும், எங்கள் தேவ்நாரிலிருந்தும் அன்பர்கள் எழுதுகிறார்கள். பத்துக் கதை வந்தால் ஆறு கதையில் ஒருவர் மற்றொருவரை ஏமாற்றுகிறார். அதில் வியப்பில்லை; வஞ்சகம் இல்லாவிட்டால் இராமாயணம் பஞ்சவடியிலேயே முடிந்துபோயிருக்கும். ஆனால் அந்த ஆறில் ஐந்து கதை ஏன் உயிரற்றுக் கிடக்கிறது? ஏமாற்றுகிறவனை மட்டும் எழுத்தாளர் அக்கறையோடு செய்கிறார். அவனுக்கு நரிச் சிரிப்பும் ஓரக்கண்ணும் கொடுக்கிறார். வாய் திறந்தால் தேன் சொட்டுகிறது. முதல் பக்கத்திலேயே நமக்கு அவனைத் தெரிந்துவிடுகிறது. கதையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஏனோ பதினைந்து பக்கம் தெரிவதில்லை. எனவே அவர்கள் மூடர்கள் என்று எண்ணுகிறோம். மூடன் ஏமாந்தால் யாருக்குக் கண்ணீர் வரும்?

வேறு சிலர் எதிர்ப்பக்கத்து வழியில் போகிறார்கள். எல்லாவற்றையும் நம்மிடமிருந்தே மறைத்துக் கடைசி வரியில் திரையை விலக்கி, ‘இவன் அவனுடைய இரட்டைச் சகோதரன்’ என்கிறார்கள். அங்கே ஏமாற்றப்பட்டவர் வாசகர். சீட்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வண்டி இன்று ஓடாது என்று சொல்வதைப் போன்றது அது.

இவ்விரு குற்றத்துக்கும் காரணம் ஒன்றே என்பது என் எண்ணம். பொய்யைச் சொல்பவனைப் பற்றி நினைத்த அளவுக்கு, அதை நம்புகிறவரைப் பற்றி எழுத்தாளர் நினைக்கவில்லை. நம்புகிறவருக்கு ஒரு தேவை இருக்கவேண்டும். அந்தத் தேவையின் வழியாகத்தான் பொய் உள்ளே நுழைகிறது. நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர்.

சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனை எடுத்துக்கொள்வோம். தமிழில் அவனுக்கு நிகரான பொய்யன் வேறு யாருமில்லை. கொலைக்களக் காதையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அவன் ஒரே பொய்யை இரண்டு இடத்தில் சொல்கிறான். ஓரிடத்தில் அது கணநேரத்தில் பலித்துவிடுகிறது. மற்றோரிடத்தில் பலிக்கமாட்டேன் என்கிறது. இந்த வேறுபாட்டில்தான் இளங்கோவடிகளின் திறம் இருக்கிறது.

கோவலன் மாதரியின் மனையிலிருந்து ஒற்றைச் சிலம்போடு மதுரைத் தெருவில் வருகிறான். ஊர் புதிது. கையில் பொருளில்லை, சிலம்பு விற்றால்தான் அடுத்த வேளைக்கு வழி. அச்சமயம் நூறு கொல்லர் பின்தொடரப் பெருமிதத்தோடு ஒருவன் எதிரே வருகிறான். அரசனுடைய கொல்லனாக இருக்கவேண்டும் என்று கோவலனே முடிவு செய்துகொண்டு, அரசமாதேவி அணியத்தக்க சிலம்பு ஒன்றை விலை மதிக்க முடியுமா என்று கேட்கிறான். கொல்லன் அங்கே பொய் சொல்லவேண்டிய தேவையே எழவில்லை. கோவலனுடைய அவசரம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கொல்லனோ அரசியின் சிலம்பை முன்பே திருடியவன்; அந்தத் திருட்டு வெளிப்படுமுன் இந்த அயலானைப் பலியிடலாம் என்று அவன் நினைப்பதை இளங்கோவடிகள் நம்மிடம் மறைக்கவில்லை. கோவலன் அந்தக் குடிலருகே காத்திருக்கும்போது, அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் காத்திருப்பைப் படிக்கும்போது நமக்கு மூச்சு முட்டுகிறது.

இனி அரண்மனை. அரசன் ஆடல்மகளிரின் கூத்தில் மனத்தைப் பறிகொடுத்துவிட்டான் என்று தேவிக்கு ஊடல். தலைநோய் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். இதுவும் ஒரு பொய்தான். வீட்டுக்கு வீடு நடக்கிற சிறு பொய். அவளைத் தேற்றுவதற்காக அரசன் அந்தப்புரத்து வாயிலை நோக்கி விரைகிறான். அந்த வாயிலில்தான் கொல்லன் வந்து விழுந்து வணங்குகிறான். தேவியின் காணாமற்போன சிலம்போடு கள்வன் அகப்பட்டுவிட்டான் என்கிறான். அரசியின் சிறு பொய்யும் கொல்லனின் பெரும் பொய்யும் ஒரே வாயிற்படியில் சந்திக்கின்றன! ஊடல் தீர்க்கக் கையில் ஒன்றுமில்லாமல் போய்க்கொண்டிருந்த கணவனுக்கு, காணாமற்போன சிலம்பைவிட நல்ல பரிசு வேறென்ன கிடைக்கும்? அவன் விசாரிக்கவில்லை. பாண்டியன் மூடன் அல்லன், கொடியவனும் அல்லன். தன் பிழை தெரிந்த கணத்தில் உயிரையே விட்டவன். அத்தகையவன் அந்த நேரத்தில் நம்பினான் என்பதற்கு வேண்டிய காரணம் முழுவதையும் புலவர் முன்கூட்டியே அடுக்கி வைத்துவிட்டார்.

ஆனால் கொலை செய்ய வந்த காவலர் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஊடலுமில்லை, அவசரமுமில்லை. கோவலனைப் பார்த்தவுடனே, இவன் கள்வனைப் போலத் தோன்றவில்லையே என்கிறார்கள். உடனே கொல்லன் பேசத் தொடங்குகிறான். பேசுகிறான், பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்க்குத் துணையாவன எட்டு உண்டு என்று களவு நூலையே விரித்துரைக்கிறான். அரசனிடம் சில சொற்களில் முடிந்த காரியத்துக்கு இங்கே ஒரு சொற்பொழிவு! நம்பத் தேவையில்லாதவர்களிடம் பொய் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது பாருங்கள். பொய்யன் வாயில் சொற்கள் பெருகினால், எதிரே நிற்பவன் ஐயுறுகிறான் என்று பொருள். அவ்வளவு பேசிய பிறகும் அவர்கள் முழுதும் தெளிந்ததாகக் காவியம் சொல்லவில்லை. குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அவனுக்கு நம்பிக்கையே தேவைப்படவில்லை.

பாரதத்தில் துரோணரை வீழ்த்திய பொய்யும் இத்தகையதே. அசுவத்தாமன் இறந்தான் என்று பீமன் கூவியபோது துரோணர் நம்பவில்லை, தருமனிடம் கேட்கிறார். அந்தப் பொய்யைப் பலிக்கவைத்தது தருமன் அதற்கு முன் வாழ்நாளெல்லாம் பேசிய உண்மை. யானை என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னதும், தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவனுடைய தேர் மண்ணில் இறங்கிவிட்டதாகச் சொல்வார்கள். கதையில் ஒருவரை ஒரே ஒரு பொய் சொல்ல வைக்க விரும்புகிறவர், அதற்கு முன் அவரைப் பல முறை உண்மை சொல்ல வைத்திருக்கவேண்டும். நமக்கு வரும் கதைகளில் இதைச் செய்தவர் ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

பழைய காவியங்களை விட்டுச் சிறுகதைக்கு வருவோம். தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது வ. வே. சு. ஐயர் 1915-ஆம் ஆண்டில் எழுதிய ‘குளத்தங்கரை அரசமரம்’. தாகூரின் கதை ஒன்றில் படித்துறை பேசும்; இதில் மரம் பேசுகிறது. ஆகவே தழுவல் என்பாரும் உண்டு. அந்த வழக்கில் நான் புகவில்லை. இக்கதை முழுவதும் ஒரு பொய்யின் மேல் நிற்கிறது என்பதுதான் இங்கே வேண்டியது. அதுவும் நல்ல எண்ணத்தோடு செய்த பொய்!

ருக்மிணியின் தந்தை செல்வர். 1906-ஆம் ஆண்டு சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அழிந்தது; கதையில் அவருடைய செல்வமும் அதில் போய்விடுகிறது. பணம் போனதும் மாமியார் வீட்டார் மனம் மாறி, மகன் நாகராஜனுக்கு மன்னார்குடியில் வேறு பெண் பார்க்கிறார்கள். நாகராஜனுக்கு மனைவியின் மேல் உள்ள அன்பு குறையவில்லை. ஆனால் பெற்றோருக்குப் பாடம் புகட்டவேண்டும் என்று ஒரு விளையாட்டு நினைக்கிறான்: சம்மதிப்பதுபோல் மணப்பந்தல் வரை போய், தாலி கட்டும் சமயத்தில் மறுத்துவிடுவது. இந்த இரகசியத்தைத் தன் நண்பனிடம் மட்டும் சொல்கிறான். அரசமரம் கேட்டுக்கொண்டிருக்கிறது, மரத்தின் மூலமாக நாமும் கேட்கிறோம். ருக்மிணி மட்டும் கேட்கவில்லை. அவளே வந்து மன்றாடியபோதும் அவன் உண்மையை முழுதாகச் சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து உயிர் துறக்கிறாள்.

ஐயர் இந்த இரகசியத்தை முடிவுவரை நமக்கும் சொல்லாமல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் இறந்த பிறகு, ‘அடடா, விளையாட்டுக்குச் சொன்னதாமே’ என்று ஒரு கணம் திடுக்கிட்டிருப்போம். அவ்வளவுதான். முன்னரே தெரிந்துவிட்டதால், ‘சொல்லிவிடு, அவளிடம் சொல்லிவிடு’ என்று நாகராஜனைப் பார்த்து நாம் மனத்துக்குள் கத்துகிறோம். கத்தமுடியாத மரத்தின் நிலையும் நம் நிலையும் ஒன்றாகிவிடுகின்றன. மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ருக்மிணி ஏன் நம்பினாள்? கணவன் கைவிடுவான் என்ற செய்தியை அவளிடம் முதலில் சொன்னது நாகராஜன் அன்று; பணம் போன நாள்முதல் மாமியாரின் முகமும் அண்டை வீட்டாரின் பேச்சும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தன. அவன் பொய் அந்த ஈர மண்ணில் விழுந்தது. பிறருக்காகச் செய்த பொய்க்கு, சம்பந்தமில்லாதவள் விலை கொடுத்தாள்.

அப்படியானால் வாசகருக்கு எப்போதும் முன்னரே சொல்லிவிடத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. கல்கி 1941 முதல் 1943 வரை தொடராக எழுதிய ‘பார்த்திபன் கனவு’ நாவலில் ஒரு சிவனடியார் வருகிறார். அவர் யார் என்று நமக்கு நெடுநேரம் தெரிவதில்லை. ஆனால் போர்க்களத்தில் உயிர் பிரியும் நிலையில் கிடக்கும் பார்த்திப மன்னனுக்கு மட்டும் அவர் தம் வேடத்தை நீக்கிக் காட்டுகிறார், மன்னன் வியப்படைகிறான், நமக்கோ முகம் காட்டப்படவில்லை. இங்கே ஆசிரியர் விடையை மறைத்தாரே தவிர, வினா இருப்பதை மறைக்கவில்லை. இது வேடம், இதற்குள் ஒருவர் இருக்கிறார் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். அவர் நரசிம்மவர்மச் சக்கரவர்த்தியே என்று பிற்பாடு தெரியும்போது நமக்குக் கோபம் வருவதில்லை; திரும்பிப் பார்த்து ‘ஆமாம், ஆமாம்’ என்கிறோம். இரட்டைச் சகோதரனைக் கடைசி வரியில் கொண்டுவரும் அன்பர்கள் இந்த ஓர் அத்தியாயத்தை மட்டுமேனும் படிக்கவேண்டும்.

கல்கியின் பொய்யர்களில் எனக்கு மிகவும் பிடித்தவன் வந்தியத்தேவன். நோயுற்ற சுந்தர சோழரிடம் ‘அபாயம்’ என்று சொன்னது காவலர் தலைவர் காதில் விழுந்துவிட, ‘அபயம்’ என்றல்லவா சொன்னேன் என்று ஒரே ஒரு நெடிலைக் குறைத்துத் தப்பிக்கப் பார்க்கிறானே, அதைத் தமிழறியாதவர்க்கு எப்படி விளக்குவது! சின்னப் பழுவேட்டரையர் அதைக் கேட்டு முற்றும் ஐயம் நீங்கிவிடவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. பொய் பாதிதான் பலித்தது. மீதிப் பாதி கதையை ஓட்டுகிறது.

நகைச்சுவைக்கும் இதே விதிதான். 1959-இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த ‘கல்யாண பரிசு’ படத்தில் தங்கவேலு வேலையில்லாமல் இருந்துகொண்டே ‘மன்னார் அண்டு கம்பெனி’யில் உத்தியோகம் என்று வீட்டில் சொல்லித் திரிவார், எழுத்தாளர் பைரவன் தாமே என்றும் கதை அளப்பார். அந்தக் கம்பெனியின் பெயர் இன்றும் பேச்சில் வழங்குகிறது. அவர் சொல்லும் பொய்களை மட்டும் தனியே எழுதிப் படித்தால் பாதிச் சிரிப்புக்கூட வராது. கணவனைப் பற்றிப் பெருமைப்பட ஏதாவது கிடைக்காதா என்று காத்திருக்கும் மனைவியாக எம். சரோஜா எதிரே நின்று கேட்பதால்தான் சிரிப்பு வருகிறது.

தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ என்ற சிறுகதையை இந்த வரிசையில் கடைசியாக வைக்கிறேன். அதைப் படித்த பிறகு வேறொன்றைப் பற்றிப் பேசுவது கடினம். சாமநாது என்ற முதியவர், தம் அண்ணன் மகனின் செழிப்பைக் கண்டு பல ஆண்டுகளாகப் புழுங்குகிறவர். அவன் வீட்டுக் கல்யாணத்தில், பந்திக்காகக் காய்ச்சி வைத்த பாயசப் பாத்திரத்தை யாரும் பார்க்காத நேரத்தில் கவிழ்த்துவிடுகிறார். எலி விழுந்துவிட்டது என்கிறார். கூடியவர்கள் நம்புகிறார்கள், பெரியவர் விருந்தினரைக் காத்தார் என்றுகூட நினைக்கக்கூடும். ஆனால் அவருடைய மகள் அவரைப் பார்க்கிறாள். அவள் பார்வையில் எல்லாம் இருக்கிறது. ஊரே நம்பியது, ஒருத்தி நம்பவில்லை. ஊர் நம்பியதால் அவருக்கு வந்த இன்பம் முழுவதையும் அந்த ஒருத்தி எடுத்துக்கொண்டுவிடுகிறாள். அவர் அகப்பட்டுக்கொள்ளவில்லை, தண்டனையும் இல்லை. இருந்தும் இதைவிடப் பெரிய தண்டனையை நான் எந்தக் கதையிலும் படித்ததில்லை.

இதே ஆசிரியர் 1966-இல் வெளியிட்ட ‘அம்மா வந்தாள்’ நாவலில் ஒருபடி மேலே போகிறார். அங்கே தாயின் வாழ்க்கையில் உள்ள இரகசியம் கணவருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாதவர்போல அவர் சோதிடமும் வேதாந்தமுமாகக் காலம் கழிக்கிறார். நம்புகிறவரே நம்புவதுபோல் நடித்தால் பொய் யாருடையது?

இந்தக் கேள்விக்கு நான் வருவதற்கு நூல்கள் மட்டும் காரணம் அல்ல. எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது. அதை நான் ஒரு கதையாக எழுத முயன்று தோற்றேன்.

என் தந்தையார் 1982-இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்தார். தாராவியில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் வேலை. 1971-இல் பாந்திராவிலிருந்து தேவ்நாருக்கு மாற்றப்பட்ட இறைச்சிக்கூடத்திலிருந்து ஆட்டுத் தோல் உப்பிட்டு வரும். அதைக் கழுவிச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி எடுக்க வேண்டும். ஊரில் அவருடைய தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, வரன் தேடிக்கொண்டிருந்த காலம். தோல் வேலை என்று தெரிந்தால் வருகிற வரனும் வாசலோடு திரும்பிவிடும் என்று அஞ்சி, ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் உத்தியோகம் என்று ஆச்சிக்குக் கடிதம் எழுதினார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தாம் திண்ணையில் அமர்ந்து கடிதத்தைப் படித்துக் காட்டுவார், தெருவே கேட்கும். அப்படிக் கேட்கவேண்டும் என்றுதான் என் தந்தையார் எழுதினார்.

இதை நான் முதலில் எழுதியபோது என் தந்தையாரையே கதாநாயகராக வைத்தேன். தாராவியின் சந்து, சுண்ணாம்புத் தொட்டி, இரவில் விளக்கடியில் எழுதும் கடிதம், எழுதும்போது வரும் குற்ற உணர்ச்சி என்று பன்னிரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. அவர் ஏன் பொய் சொன்னார் என்பது தெரிந்தது. தெரிந்த பிறகு கதையில் ஒன்றும் மிச்சமில்லை. காகிதங்களை மடித்துப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

ஆச்சி காலமான பின் நான் ஒரு முறை ஊருக்குப் போயிருந்தேன். அப்போது அத்தை பேச்சுவாக்கில் ஒரு செய்தி சொன்னார். 1984 பொங்கலுக்கு அப்பா ஊருக்கு வந்தாராம். தகரப் பெட்டியைத் திறந்தவுடனே ஆச்சிக்கு வாடை தெரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. சட்டைகளை எடுத்துப்போய்ச் சவுக்காரம் போட்டு மூன்று முறை அலசி, வாசல் கொடியில் போடாமல் புழக்கடையில் காயப்போட்டார். அன்றிரவு மகன் உறங்கிய பிறகு, சுண்ணாம்பில் வெந்து வெடித்திருந்த அவருடைய விரல்களுக்கு அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாராம். விழித்துக்கொண்ட அத்தை ஏதோ கேட்க வாயெடுத்தபோது, சத்தம் போடாதே என்று கையசைத்துவிட்டார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்த அம்மாள் ஒருத்தியின் கண் அப்பாவின் விரல்மேல் போயிற்று. ஆச்சி உடனே, “எம்புள்ள ஓயாம பேனா புடிச்சு எழுதுதான்லா, வெரலெல்லாம் தேஞ்சு போச்சு, மதினி” என்றாராம்.

கல்யாணம் நடந்தது. அத்தை இன்றும் நன்றாக இருக்கிறார்.

பம்பாய் திரும்பியதும் பரண்மேல் இருந்த காகிதங்களை எடுத்தேன். பன்னிரண்டு பக்கத்தில் பதினொன்றைக் கிழித்தேன். கதையைத் தாராவியில் தொடங்காமல், தபால்காரர் கடிதம் படிக்கும் திண்ணையில் தொடங்கினேன். கேட்டுக்கொண்டிருக்கும் ஆச்சியின் முகத்தை மட்டும் பார்த்து எழுதினேன். முதல் கடிதத்தில் அவர் நம்புகிறார். பெட்டி திறந்த நாள்முதல் நம்பவில்லை. ஆனால் தபால்காரர் படிக்கும்போதெல்லாம் முன்னைவிட உரக்க, ‘எந்தக் கம்பெனின்னு இன்னொருதரம் படிங்க’ என்கிறார். கடிதம் எழுதுகிற மகன் கதையில் இரண்டு பத்திக்குமேல் வரவில்லை. இப்போது அது கதையைப் போல இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் இதழுக்கு அனுப்புமுன் என் தந்தையாரிடம் கொடுத்தேன். நம் இதழ் வந்தால் எங்கள் வீட்டில் முதலில் படிப்பவர் அவர். அச்சில் பார்த்துத் திடுக்கிடக் கூடாதல்லவா? தாய்க்குத் தெரிந்திருந்தது என்ற செய்தி அவருக்குத் தெரியாது என்றே நானும் அத்தையும் எண்ணியிருந்தோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சன்னலருகே அமர்ந்து நெடுநேரம் படித்தார். கோவண்டி நிலையத்தில் இரண்டு வண்டி வந்து போன சத்தம் கேட்டது. பிறகு காகிதங்களை அடுக்கி என்னிடம் கொடுத்தார்.

“தேங்காயெண்ணெய் இல்லப்பா, வேப்பெண்ணெய்” என்றார்.

உறங்கிக்கொண்டிருந்தவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நான் எங்கே தூங்கினேன்?” என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார்.

அந்தக் கதையை மூன்றாம் முறையாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.